எட்டாம் வகுப்போடு முடிந்த பள்ளியும் ஏழு கோடி ரூபாய் நிலமும்: கொடிக்குளம் நிகழ்வு ஆய்வு

2024 ஜனவரி முதல் வாரத்தில் மதுரையில் ஒரு தானப் பத்திரம் பதிவானது. யானைமலைக்குப் பக்கத்தில், ஒத்தக்கடையை ஒட்டிய கொடிக்குளம் கிராமத்தில் தனக்குச் சொந்தமான 1 ஏக்கர் 52 சென்ட் நிலத்தை, அந்த ஊர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளிக்காக எழுதிக் கொடுத்தார் ஆயி என்கிற பூரணம் அம்மாள். கனரா வங்கியில் எழுத்தர். கணவர் காலமான பிறகு கருணை அடிப்படையில் கிடைத்த வேலை அது. பின்னர் மகளும் இறந்துபோனார். அந்த மகளின் நினைவாகத்தான் நிலத்தைக் கொடுத்தார். அன்றைய சந்தை மதிப்பு 7 கோடி ரூபாய் என்று பத்திரிகைகள் எழுதின. அவர் கேட்டது இரண்டே இரண்டு: பள்ளி உயர்நிலைப் பள்ளியாக வேண்டும், மகளின் பெயர் அதில் இருக்க வேண்டும். அந்த மாதமே குடியரசு நாள் விழாவில் முதலமைச்சரின் சிறப்பு விருது அவருக்கு வழங்கப்பட்டது. அடுத்த மாதம் இன்னொரு 91 சென்ட் நிலத்தையும் அதே பள்ளிக்குக் கொடுத்தார்.

இந்தச் செய்தி தமிழ்நாடு முழுக்கப் பரவியது, எல்லோரும் பாராட்டினார்கள். பாராட்ட வேண்டியதுதான். வங்கியில் எழுத்தர் சம்பளத்தில் வாழும் ஒருவர் கோடிக்கணக்கான சொத்தைப் பெயர் தெரியாத பிள்ளைகளுக்குக் கொடுப்பது சாதாரணக் காரியம் இல்லை. ஆனால் பாராட்டோடு நிறுத்திவிட்டால் இந்த நிகழ்வு நமக்குக் காட்டும் பெரிய விஷயத்தைத் தவறவிடுவோம். ஒரு கிராமத்துப் பிள்ளை ஒன்பதாம் வகுப்புக்குப் போவதற்குத் தனி மனுஷி ஒருவரின் நிலம் ஏன் தேவைப்பட்டது? அரசு எதற்குப் பணம் கொடுக்கிறது, எந்த இடத்தில் நின்றுவிடுகிறது? அது நின்ற இடத்தில் தனியார் பள்ளி எப்படி நுழைகிறது? இந்த மூன்று கேள்விகளுக்கும் கொடிக்குளத்தை வைத்தே பதில் தேடலாம்.

எட்டாம் வகுப்பு என்ற எல்லை

கொடிக்குளத்தில் இருந்தது நடுநிலைப் பள்ளி, அதாவது எட்டாம் வகுப்பு வரை. அதற்குமேல் படிக்க ஒத்தக்கடைப் பக்கம் போக வேண்டும். பட்டணத்தில் இருப்பவர்களுக்கு இது பெரிய தூரமாகத் தெரியாது. பதின்மூன்று, பதினான்கு வயதுப் பெண் பிள்ளையை வைத்திருக்கும் வீட்டில் அது வேறு விஷயம். "எட்டு வரைக்கும் நம்ம ஊருலயே படிச்சுச்சு, இனி எங்க அனுப்புறது?" என்ற கேள்வி மதுரையைச் சுற்றியுள்ள எந்தக் கிராமத்திலும் மே மாதத்தில் கேட்கும். சாலையில் லாரி போக்குவரத்து, மாலையில் பஸ் வரும் நேரம், துணைக்கு யார் போவது என்று வீடு முழுக்கப் பேச்சு. பையன் என்றால் எப்படியாவது போய்விடுவான். பெண் என்றால் அந்தப் பேச்சு சில வீடுகளில் படிப்பை நிறுத்துவதில் போய் முடியும். கொஞ்சம் வசதியுள்ள வீடு என்றால் வாசலுக்கே வேன் அனுப்பும் தனியார் பள்ளியில் சேர்ப்பதில் முடியும்.

இந்த எல்லை தற்செயலாக வந்ததில்லை. 2009-இல் நிறைவேறி 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், 6 வயதிலிருந்து 14 வயது வரைதான் கட்டணமில்லாக் கட்டாயக் கல்வியை உரிமையாக ஆக்கியிருக்கிறது. அதாவது எட்டாம் வகுப்பு வரை. வீட்டுக்குப் பக்கத்தில் பள்ளி இருக்க வேண்டும் என்று அரசைச் சட்டப்படி கட்டாயப்படுத்துவதும் அதே எட்டாம் வகுப்பு வரைதான். ஒன்பதாம் வகுப்பிலிருந்து அது உரிமை என்ற நிலையிலிருந்து திட்டம் என்ற நிலைக்கு இறங்கிவிடுகிறது. திட்டம் என்றால் நிதி இருந்தால் நடக்கும், விதிமுறை பொருந்தினால் நடக்கும், நிலம் இருந்தால் நடக்கும்.

தமிழ்நாடு இந்த விஷயத்தில் பல மாநிலங்களை விட நல்ல நிலையில்தான் இருக்கிறது. காமராசர் காலத்திலிருந்தே பள்ளியிறுதி வரை கட்டணமில்லாக் கல்வி என்ற கொள்கை இங்கே வேரூன்றிவிட்டது. பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடநூல் இலவசம், சீருடையில் வந்தால் அரசுப் பேருந்தில் டிக்கெட் கிடையாது, சத்துணவு பத்தாம் வகுப்பு வரை உண்டு. இவ்வளவு இருந்தும் கொடிக்குளம் போன்ற ஊரில் ஒன்பதாம் வகுப்பு ஊருக்குள் இல்லாமல் போனதற்குக் காரணம், பள்ளியைத் தரம் உயர்த்துவதற்கு முதலில் இடம் வேண்டும் என்பதே.

இடம் என்பது வெறும் காகித விதி என்று யாரும் நினைக்க வேண்டாம். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு நெருக்கடியான கட்டடத்தில் இயங்கிய பள்ளியில் தீப்பிடித்து 94 குழந்தைகள் கருகிப்போனார்கள். அதற்குப் பிறகுதான் பள்ளிக்கு இவ்வளவு நிலம், இவ்வளவு அகலப் படிக்கட்டு, ஓலைக் கூரை கூடாது என்ற கட்டுப்பாடுகளை எல்லோரும் மதிக்கத் தொடங்கினார்கள். எனவே இடம் கேட்பது சரிதான். ஆனால் அந்த இடத்தை யார் வாங்கித் தர வேண்டும் என்பதுதான் கேள்வி. நடுநிலைப் பள்ளியை உயர்நிலையாக்க ஊர்ப் பங்களிப்பாக ஒரு லட்சம் ரூபாய் கட்ட வேண்டும், மேல்நிலையாக்க இரண்டு லட்சம் கட்ட வேண்டும் என்ற நடைமுறை இங்கே நெடுங்காலம் இருந்தது. ஊர்கூடி வரி போட்டு, கோயில் பணத்தில் கொஞ்சம் எடுத்து, துபாயில் வேலை பார்க்கும் பையன்களிடம் கேட்டு அந்தத் தொகையைத் திரட்டிய கிராமங்கள் எத்தனையோ. திரட்ட முடியாத கிராமம் எந்த மாதிரிக் கிராமமாக இருக்கும் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அங்கேதான் உயர்நிலைப் பள்ளி அதிகம் தேவைப்பட்டது.

இப்போது அந்த நிலத்தின் விலையைப் பாருங்கள். யானைமலையின் ஒரு பக்கம் வேளாண்மைக் கல்லூரி, இன்னொரு பக்கம் 2004-இல் திறந்த உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, நடுவில் நான்குவழிச் சாலை. நகரம் மேலூர் சாலையைப் பிடித்துக்கொண்டு கிழக்கே நகர்ந்துகொண்டே இருக்கிறது. ஒன்றரை ஏக்கர் 7 கோடி என்றால் அதில் நிலத்தின் மண்வளம் ஒன்றும் இல்லை, நகரம் பக்கத்தில் வந்துவிட்டதுதான் விலை. இந்த விலையில் ஒரு பள்ளிக்காக நிலம் வாங்க எந்த ஊராட்சியாலும் முடியாது, மாவட்ட நிர்வாகமே யோசிக்கும். புறம்போக்கு நிலம் இருந்த காலம் போய்விட்டது. ஆக, நகர விளிம்பில் இருக்கும் ஊர்களில் பிள்ளைகள் எண்ணிக்கை கூடுகிறது, பள்ளிக்கு இடம் மட்டும் குறைகிறது. அந்தச் சந்தையில் நிலம் வாங்கும் வலுவுள்ளது தனியார் பள்ளி அறக்கட்டளைகள்தான். ஒத்தக்கடையிலிருந்து மேலூர் வரைக்கும் சாலையோரம் நிற்கும் பள்ளிப் பெயர்ப் பலகைகளைப் பார்த்தால் இது விளங்கும்.

கொடையாளி கொடுத்தது, அரசு கொடுக்க வேண்டியது

பள்ளிக்கு நிலம் கொடுப்பது மதுரைக்குப் புதிதில்லை. இந்த நகரத்தின் பழைய பள்ளிகள் பெரும்பாலும் யாரோ கொடுத்த இடத்தில், யாரோ திரட்டிய பணத்தில் எழுந்தவை. அமெரிக்க மிஷன் 1834-இல் மதுரைக்கு வந்து பள்ளி தொடங்கியது. சேதுபதி பள்ளியில் பாரதியார் 1904-இல் சில மாதங்கள் தமிழாசிரியராக இருந்தார். சௌராஷ்டிர சமூகம் தன் பிள்ளைகளுக்கென்று பள்ளி கட்டியது. இவையெல்லாம் இன்று அரசு உதவி பெறும் பள்ளிகள். ஆங்கிலேயர் ஆட்சியில் 1854-இல் வந்த உட்ஸ் கல்வி அறிக்கை தொடங்கிவைத்த அரசு மானிய முறையின் இன்றைய வடிவம் அது: இடமும் கட்டடமும் நிர்வாகத்தின் பொறுப்பு, ஆசிரியர் சம்பளம் அரசின் பொறுப்பு, பிள்ளைகளிடம் கல்விக் கட்டணம் வாங்கக்கூடாது. அரசுப் பள்ளி, தனியார் பள்ளி என்று இரண்டாகப் பிரித்துப் பேசும்போது இந்த மூன்றாவது வகையை நாம் மறந்துவிடுகிறோம். மதுரை நகரத்துக்குள் நடுத்தர, ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளில் ஒரு பெரும் பகுதியைப் பல தலைமுறையாகப் படிக்க வைத்தது இந்த வகைதான்.

அந்தக் கொடைகளுக்கும் கொடிக்குளம் கொடைக்கும் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. உதவி பெறும் பள்ளியில் நிலம் கொடுத்தவரோ அவருடைய சமூகமோ நிர்வாகத்தைத் தன் கையில் வைத்திருக்கும். யாரை ஆசிரியராக நியமிப்பது என்பதில் அவர்களுக்குச் சொல் உண்டு. பூரணம் அம்மாள் எந்த உரிமையையும் வைத்துக்கொள்ளவில்லை. நிலம் முழுக்க அரசுக்குப் போய்விட்டது. பள்ளி உயர வேண்டும், மகளின் பெயர் இருக்க வேண்டும் என்று மட்டும் கேட்டார். இந்தக் கொடை உயர்வானது என்று நான் சொல்வதற்குக் காரணம் அந்த 7 கோடி இல்லை, பள்ளி பொதுச்சொத்தாகவே இருக்க வேண்டும் என்று அவர் நினைத்தது.

இதே மதுரையில் தத்தனேரிப் பகுதியைச் சேர்ந்த அப்பளம், மோர்மிளகாய் வியாபாரி ராஜேந்திரன் மாநகராட்சிப் பள்ளிகளுக்கு வகுப்பறை கட்ட ஒரு கோடி ரூபாய்க்கும் மேல் கொடுத்தார். அதுவும் இதே மனசுதான். 2022 டிசம்பரில் மாநில அரசு தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டம் இந்த மாதிரிக் கொடைகளை ஒரு முறைக்குள் கொண்டுவரத்தான் வந்தது. முன்னாள் மாணவர்களும் நிறுவனங்களும் அதன் வழியாகப் பணம் தருகிறார்கள்.

சரி, கொடை எதுவரை போகும்? இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது.

பத்தாம் வகுப்புக்கு ஐந்து பாடம். ஐந்து பட்டதாரி ஆசிரியர்கள் என்று வைத்துக்கொள்வோம். அரசுப் பட்டதாரி ஆசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் 36,400 ரூபாய். ஐந்து பேருக்கு மாதம் 1,82,000. ஆண்டுக்கு 21,84,000. 7 கோடியை இதனால் வகுத்தால் 32 ஆண்டு வருகிறது. இது அகவிலைப்படியோ வீட்டு வாடகைப்படியோ ஆண்டு ஊதிய உயர்வோ சேர்க்காத கணக்கு. தலைமையாசிரியர், அலுவலக உதவியாளர், துப்புரவுப் பணியாளர், மின்கட்டணம், ஆய்வகப் பொருள் எதுவும் இதில் இல்லை. அவற்றைச் சேர்த்தால் அந்த 32 ஆண்டு வெகுவாகச் சுருங்கிவிடும். ஆனால் பள்ளி அதற்குப் பிறகும் நடக்க வேண்டும், நூறு ஆண்டு நடக்க வேண்டும். ஒரு மனிதர் தன் வாழ்நாளில் செய்யக்கூடிய மிகப் பெரிய கொடை, ஒரு உயர்நிலைப் பள்ளியின் ஆசிரியர் சம்பளத்தில் ஒரு தலைமுறையைக்கூடத் தாண்டாது.

இதை நான் கொடையைக் குறைத்துச் சொல்வதற்காக எழுதவில்லை. கொடையாளியால் செய்ய முடிந்தது ஒருமுறைச் செலவு. மாதா மாதம் வந்துகொண்டே இருக்கும் செலவை வரிப்பணத்தால் மட்டும்தான் தாங்க முடியும். 2025-26 மாநில பட்ஜெட்டில் பள்ளிக் கல்வித் துறைக்கு 46,767 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டு 44,042 கோடி. இந்தத் தொகைகளில் பெரும்பகுதி சம்பளமாகத்தான் போகிறது. "எல்லாம் சம்பளத்துக்கே போகுது" என்று இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. பள்ளி என்பது முதலில் ஆசிரியர்தான், ஆகவே பள்ளிச் செலவு என்பதும் முதலில் ஆசிரியர் சம்பளம்தான்.

குறை இருப்பது வேறு இடத்தில். பணியிடத்தை அனுமதித்துவிட்டு நிரப்பாமல் விடுவதில் இருக்கிறது. 2022-இல் அரசுப் பள்ளிகளில் காலியாக இருந்த இடங்களுக்குப் பள்ளி மேலாண்மைக் குழு மூலம் தற்காலிக ஆசிரியர்களை எடுக்கச் சொன்னார்கள். பட்டதாரி ஆசிரியருக்கு அப்போது அறிவித்த மாதத் தொகுப்பூதியம் 10,000 ரூபாய். அதே பாடம், அதே வகுப்பு, அதே பொதுத் தேர்வு. நிரந்தர ஆசிரியருக்குக் கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. தனியார் பள்ளியில் பி.எட். முடித்த பெண்களுக்கு மிகக் குறைந்த சம்பளம் தருகிறார்கள் என்று நாம் கோபப்படுகிறோம். அரசே அந்த வழிக்குப் போனால் அந்தக் கோபத்துக்கு என்ன அர்த்தம்? நிலம் கிடைத்து, கட்டடம் எழும்பி, பெயர்ப்பலகையும் வைத்த ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியர் இல்லை என்றால் கொடுத்தவருக்கு நாம் செய்யும் அநியாயம் அது.

1950-களின் பிற்பகுதியில் காமராசர் முதல்வராகவும் நெ.து. சுந்தரவடிவேலு கல்வித் துறை இயக்குநராகவும் இருந்தபோது நடந்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர் மக்கள் நிலம் கொடுத்தார்கள், பெஞ்சு செய்து கொடுத்தார்கள், சீருடை வாங்கிக் கொடுத்தார்கள். மதிய உணவுக்கு அரிசியும் கொடுத்தார்கள். அந்த இயக்கம் வென்றதற்குக் காரணம் மக்களின் கொடை மட்டும் இல்லை. கொடை வந்த வேகத்துக்கு அரசு ஆசிரியரை அனுப்பியது. ஓராசிரியர் பள்ளியாக இருந்தாலும் ஆசிரியர் போனார். இந்த ஒப்பந்தம்தான் தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வியின் அடித்தளம் என்று நான் நினைக்கிறேன்: இடம் ஊர் தரும், ஆள் அரசு தரும். ஊர் நிலத்தின் விலை கோடியைத் தொட்ட இந்தக் காலத்தில் அந்த ஒப்பந்தத்தின் முதல் பாதியையும் அரசே ஏற்க வேண்டிய நிலை வந்துவிட்டது.

வேன் வாசலுக்கு வரும் கதை

தனியார் பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கும் பெற்றோரைத் திட்டுவது சுலபம். "ஆங்கில மோகம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கட்டடத் தொழிலாளியும் ஆட்டோ ஓட்டுநரும் கந்துவட்டிக்கு வாங்கி ஃபீஸ் கட்டுகிறார்கள் என்றால் அதற்கு அவர்கள் அளவில் காரணம் இருக்கிறது. மூன்று வயதில் எல்கேஜி. அரசுப் பள்ளியில் சேர்க்கை ஐந்து வயதில். நடுவில் இரண்டு ஆண்டு. அம்மா வேலைக்குப் போகும் வீட்டில் அந்த இரண்டு ஆண்டுக்குப் பிள்ளையை எங்கே விடுவது? அங்கன்வாடி உண்டுதான். ஆனால் அங்கே "படிப்பு" சொல்லித் தருவதில்லை என்ற நினைப்பு பலமாக இருக்கிறது. 2019-இல் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்கேஜி, யுகேஜி தொடங்கினார்கள். நல்ல தொடக்கம். ஆனால் மாநிலத்தில் இருக்கும் தொடக்க, நடுநிலைப் பள்ளிகளின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் அது சிறு பகுதி.

எல்கேஜியில் ஒருமுறை வேனில் ஏறிய பிள்ளை ஒன்றாம் வகுப்பில் இறங்கி அரசுப் பள்ளிக்கு வருவதில்லை. அப்புறம் எட்டாம் வகுப்பு முடியும்போது, ஊரில் ஒன்பது இல்லாததால் இன்னொரு கூட்டம் வேனில் ஏறுகிறது. ஆக, அரசின் பணம் இல்லாமல் போகும் இரண்டு முனைகளிலும் தனியார் பள்ளி நிற்கிறது. நடுவில் இருக்கும் எட்டு வகுப்புகளை எவ்வளவு நன்றாக நடத்தினாலும், காலைச் சிற்றுண்டி போட்டாலும் (அந்தத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரை ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில்தான் தொடங்கியது), இரண்டு முனையும் திறந்திருந்தால் பிள்ளைகள் எண்ணிக்கை குறையத்தான் செய்யும். பிள்ளைகள் குறைந்தால் ஒரு பிள்ளைக்கு ஆகும் செலவு கூடியதாகக் கணக்கில் தெரியும். உடனே "இவ்வளவு செலவு எதற்கு, பக்கத்துப் பள்ளியோடு இணைத்துவிடலாமே" என்ற பேச்சு வரும். இணைத்தால் தூரம் கூடும். தூரம் கூடினால் இன்னும் சிலர் வேனில் ஏறுவார்கள்.

இந்த இடத்தில் 25 சதவீத இடஒதுக்கீட்டைப் பேசியே ஆக வேண்டும். கல்வி உரிமைச் சட்டத்தின் 12(1)(சி) பிரிவுப்படி, சிறுபான்மை அல்லாத சுயநிதிப் பள்ளிகள் நுழைவு வகுப்பில் நான்கில் ஒரு இடத்தை நலிந்த, வாய்ப்பு மறுக்கப்பட்ட குடும்பத்துப் பிள்ளைகளுக்குத் தர வேண்டும். கட்டணத்தை அரசு பள்ளிக்குத் திருப்பித் தரும். தமிழ்நாட்டில் விண்ணப்பம் அதிகம் வந்தால் குலுக்கல் நடக்கும். வீட்டுக்கு ஒரு கிலோமீட்டருக்குள் பள்ளி இருக்க வேண்டும் என்பதும் ஒரு நிபந்தனை. நகரத்தில் இது பல குடும்பங்களுக்குக் கை கொடுத்திருக்கிறது, அதை மறுப்பது நியாயம் ஆகாது. ஆனால் தனியார் பள்ளியே இல்லாத கிராமத்துக்கு இந்தச் சட்டப்பிரிவால் ஒன்றும் கிடையாது. இன்னொன்று, இந்த உதவியும் எட்டாம் வகுப்போடு நின்றுவிடும். ஒன்பதாம் வகுப்பில் அந்தப் பிள்ளையின் அப்பா முழுக் கட்டணமும் கட்ட வேண்டும், இல்லையென்றால் பிள்ளையை அரசுப் பள்ளிக்கு மாற்ற வேண்டும்.

கவனியுங்கள், கொடிக்குளம் நடுநிலைப் பள்ளியில் படித்த பிள்ளையும் மதுரையில் ஒரு மெட்ரிக் பள்ளியில் 25 சதவீத இடத்தில் படித்த பிள்ளையும் ஒரே மே மாதத்தில் ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள். ஒருவருக்குத் தூரம் தடை, இன்னொருவருக்குக் கட்டணம் தடை. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு தரும் 2020-ஆம் ஆண்டுச் சட்டம் இதைப் புரிந்துகொண்டு எழுதப்பட்டிருக்கிறது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது பொது விதி. கல்வி உரிமைச் சட்டப்படி எட்டு வரை தனியார் பள்ளியில் படித்து, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களையும் அது சேர்த்துக்கொள்கிறது. அரசுக்கு இந்த மாற்றம் நடப்பது தெரியும். அந்த மாற்றம் நடக்கும் வகுப்புக்கு ஊருக்குள் இடம் இருக்கிறதா என்பதுதான் பார்க்கப்படாமல் இருக்கிறது.

2022-இல் வந்த புதுமைப் பெண் திட்டத்தையும் இங்கே சேர்த்துப் பார்க்கலாம். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் (2024-25 முதல் அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியிலும்) படித்த பெண் கல்லூரிக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய். ஊரில் ஒன்பதாம் வகுப்பு இல்லாததால், பாதுகாப்புக்காக வேன் வரும் பள்ளிக்கு மகளை மாற்றிய குடும்பம் அந்த ஆயிரத்தையும் 7.5 சதவீத வாய்ப்பையும் ஒரே அடியாக இழக்கிறது. விதி அரசுப் பள்ளியை ஊக்குவிக்க வந்தது, நல்ல நோக்கம்தான். ஆனால் அரசுப் பள்ளி கைக்கெட்டும் தூரத்தில் இல்லாத குடும்பத்துக்கு அது தண்டனையாக மாறுகிறது.

மத்திய அரசின் பங்கு நின்றபோது

பள்ளிச் செலவில் பெரும்பகுதி மாநிலத்தின் தலையில்தான். மத்திய அரசின் பங்கு 2018-இல் உருவான சமக்ர சிக்ஷா திட்டத்தின் வழியாக வருகிறது, 60-க்கு 40 என்ற விகிதத்தில். 2024-25-இல் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய 2,152 கோடி ரூபாய் வரவில்லை. மத்திய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டமான பிஎம் ஸ்ரீயின் ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை, தேசியக் கல்விக் கொள்கையை ஏற்கவில்லை என்பது காரணம். மாநில அரசு 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் போனது. 25 சதவீத இடங்களுக்கான கட்டணத்தில் மத்திய அரசின் பங்கும் இதே திட்டத்தில்தான் வருகிறது. அந்த ஆண்டு 25 சதவீத ஒதுக்கீட்டுச் சேர்க்கை வழக்கம்போல ஏப்ரல், மேயில் நடக்கவில்லை, அக்டோபரில்தான் தொடங்கியது. ஜூனிலேயே பெற்றோர்கள் கடன் வாங்கி ஃபீஸ் கட்டிச் சேர்த்துவிட்டார்கள். 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், கல்வி உரிமைச் சட்டத்துக்கான பணத்தைக் கல்விக் கொள்கையோடு முடிச்சுப் போட வேண்டியதில்லை என்றும், மத்திய நிதி வரவில்லை என்று சொல்லி மாநிலம் தன் கடமையிலிருந்து விலக முடியாது என்றும் சொன்னது. இரண்டு பக்கமும் சரியான இடத்தில் விழுந்த தீர்ப்பு அது.

கொள்கையில் கருத்து வேறுபாடு இருக்கலாம், இருக்கவும் வேண்டும். அந்தக் கல்விக் கொள்கை சொல்லும் மும்மொழி பற்றி எனக்கும் உறுதியான கருத்து உண்டு. ஆனால் பிள்ளையின் பள்ளிப் பணத்தை அந்த வாக்குவாதத்துக்குப் பிணையாக வைப்பது கொடுமை. ஒரு வங்கி எழுத்தர் எந்த உரிமையும் வைத்துக்கொள்ளாமல் தன் சொத்தைக் கொடுத்த அதே 2024-இல் இது தொடங்கியது என்பதை மறக்க முடியவில்லை.

இந்த நிகழ்விலிருந்து என்ன செய்யலாம்

மதுரை மாவட்டத்தில் எட்டாம் வகுப்போடு நிற்கும் நடுநிலைப் பள்ளிகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் எட்டு முடித்த பிள்ளைகள் அடுத்த ஜூனில் எங்கே போனார்கள் என்று பெயர் பெயராகப் பார்க்க வேண்டும். கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் எண் இருக்கிறது, இது கஷ்டமான வேலை இல்லை. எந்த ஊரில் பெண் பிள்ளைகள் அதிகம் நின்றுபோகிறார்களோ, எந்த ஊரிலிருந்து வேனுக்கு அதிகம் போகிறார்களோ அந்த ஊர்ப் பள்ளிதான் முதலில் தரம் உயர வேண்டும். நிலம் கொடுக்க ஆள் இருக்கிறதா என்று பார்த்து வரிசை போடக் கூடாது. இப்போதைய முறையில் கொடையாளி இருக்கும் ஊர் முந்திக்கொள்ளும், இல்லாத ஊர் பின்தங்கும். இது யாருடைய தப்பும் இல்லை என்றாலும் நியாயமான வரிசை இல்லை.

நிலம் இல்லாத இடங்களில் வாங்குவதற்கென்று தனியாக நிதி வேண்டும். 2022-இல் அறிவித்த பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டத்துக்கு ஐந்தாண்டில் 7,000 கோடி ரூபாய் என்றார்கள். வகுப்பறையும் கழிப்பறையும் கட்ட அது உதவும். இருக்கிற பள்ளிக்கு அது போதும், இல்லாத பள்ளிக்கு நிலம் அதில் வராது. நகர விளிம்பில் மனைப் பிரிவுகளுக்கு அனுமதி தரும்போது பூங்காவுக்கும் சாலைக்கும் இடம் ஒதுக்க வைக்கிறோம். பள்ளிக்கு என்று ஒதுக்கிய இடங்கள் உண்மையில் பள்ளிக்குத்தான் போகின்றனவா என்பதை மாவட்ட நிர்வாகம் தோண்டிப் பார்த்தாலே சில ஊர்களுக்கு விடை கிடைக்கும் என்பது என் நம்பிக்கை.

கொடை வரும் பள்ளிகளில் இன்னொரு நடைமுறையும் வேண்டும். தானப் பத்திரத்தை வாங்கும் நாளிலேயே எத்தனை ஆசிரியர் பணியிடம், எந்தக் கல்வியாண்டுக்குள் நிரப்பப்படும் என்று அரசு எழுத்தில் தர வேண்டும். நிலம் கொடுப்பவர் கேட்காவிட்டாலும் பள்ளி மேலாண்மைக் குழு கேட்கலாம். 2022-இல் திருத்தி அமைக்கப்பட்ட அந்தக் குழுக்களில் பெற்றோர்கள்தான் பெரும்பான்மை, தலைவரும் ஒரு பெற்றோர். கூட்டத்தில் தீர்மானம் போட அவர்களுக்கு உரிமை இருக்கிறது. பெயின்ட் அடிப்பது, சுற்றுச்சுவர் பற்றி மட்டும் தீர்மானம் போடாமல், காலிப் பணியிடம் பற்றியும் ஒவ்வொரு கூட்டத்திலும் எழுத வேண்டும்.

கடைசியாக, பணம் அதிகம் தேவைப்படாத ஒரு திருத்தம். தமிழ்நாட்டில் விலையில்லா மிதிவண்டி பதினொன்றாம் வகுப்பில்தான் கொடுக்கிறார்கள். மேல்நிலைப் பள்ளி தூரமாக இருக்கும் என்பதால் அப்படி வைத்தார்கள். ஆனால் நடுநிலைப் பள்ளி மட்டும் உள்ள ஊரில் பிள்ளை தூரம் போகத் தொடங்குவது ஒன்பதாம் வகுப்பில். இரண்டு ஆண்டு நடந்தோ, ஷேர் ஆட்டோவில் நெருக்கியோ போய்விட்டு, பத்தாவது பொதுத் தேர்வும் முடிந்த பிறகு மிதிவண்டி கைக்கு வருகிறது. ஊரில் உயர்நிலைப் பள்ளி இல்லாத மாணவிகளுக்காவது அதை ஒன்பதாம் வகுப்பு சேரும் ஜூன் மாதத்திலேயே கொடுத்துவிடலாம். அதே பிள்ளைக்கு, அதே மிதிவண்டி, இரண்டு ஆண்டு முன்னால். பதினொன்றில் மறுபடி தர வேண்டியதில்லை. மதுரை கிழக்கு ஒன்றியத்தில் மட்டும் ஓர் ஆண்டு செய்து பார்த்து, ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பெண்கள் கூடுதலாகச் சேர்ந்தார்கள் என்று எண்ணிப் பார்க்கட்டும்.